விரல் நுனியில் ஆயிரம் வேலை. நமக்கு ஒன்று கிடைப்பது எப்படி?

தாராவி 90 அடி ரோடுக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. இரவு மணி பத்து. வேலை முடிந்து வந்த அப்பா சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துவிட்டார். பி.காம். முடித்த மகன் மட்டும் தூங்கவில்லை. செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறான்.

"இன்னும் என்னடா பார்த்துக்கிட்டு இருக்கே?"

"வேலைக்கு அப்ளை பண்றேம்ப்பா. இன்னிக்கு மட்டும் நாற்பது கம்பெனிக்குப் போட்டிருக்கேன்."

"நாற்பதா! நேற்றும் அப்படித்தானே சொன்னே? யாராவது கூப்பிட்டாங்களா?"

மகனிடமிருந்து பதில் இல்லை.

மும்பை வாழ் தமிழர்களின் வீடுகளில் மட்டுமல்ல, பெங்களூரில், டெல்லியில், சூரத்தில், தமிழன் பிழைக்கப் போன ஊர்களில் எல்லாம் இன்று நடக்கும் காட்சி இது. வேலை காலி என்ற செய்தி கைக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் வேலை மட்டும் எட்டியே நிற்கிறது. ஏன் இப்படி?

கடிதமும் சிபாரிசும்

அப்பாவின் தலைமுறை வேலை தேடிய விதமே வேறு. ஊரிலிருந்து முதலில் ஒருவர் வருவார். அவர் காலூன்றியதும் மைத்துனருக்குக் கடிதம் போடுவார். மைத்துனர் வந்து பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

படித்தவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் 'ஹையர்' பாஸ் செய்துவிட்டு, சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பம்பாய்க்கு ரயில் ஏறுவார்கள். மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடு. காலையில் ஆங்கிலப் பத்திரிகையின் வரி விளம்பரங்கள். விளம்பரத்தில் கம்பெனியின் பெயர்கூட இருக்காது. பத்திரிகையின் பெட்டி எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

அரசாங்கம் வைத்திருந்த வழி, வேலைவாய்ப்பு அலுவலகம். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945ல் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு எல்லாருக்கும் கதவு திறந்தது. காலி இடங்களை அந்த அலுவலகத்துக்கு முதலாளிகள் அறிவிப்பதை 1959ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் அறிவித்தால் போதும். அங்கிருந்துதான் ஆளை எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சட்டத்தில் ஓட்டை இருந்தது இங்கேதான்.

எனவே அந்தக் காலத்தில் வேலை எங்கே காலி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே பாதி வெற்றி. செய்தி தெரிந்தவன் பிழைத்தான்.

பின்பக்கத்திலிருந்து படித்த பத்திரிகை

இந்த நிலையை மாற்றிய யோசனை, டெல்லியில் ஒரு கம்பெனி ஆபீசில் பிறந்தது. சஞ்சீவ் பிக்சந்தானி என்ற இளைஞர் ஹார்லிக்ஸ் தயாரித்த கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலையில் இருந்தார். ஆபீசுக்கு வரும் வணிகப் பத்திரிகையைச் சக ஊழியர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதை அவர் கவனித்தார். காரணம், வேலை விளம்பரங்கள் அங்கேதான் இருந்தன. நல்ல வேலையில் இருப்பவர்கள்கூட அடுத்த வேலை என்ன என்று பார்க்கத் தவறுவதில்லை!

இந்த அனுபவத்தை மனதில் வைத்து, 1997ல் அவர் 'நௌக்ரி' இணையதளத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களைத் திரட்டித்தான் அதில் ஏற்றினார்கள். அதை நடத்தும் 'இன்ஃபோ எட்ஜ்' கம்பெனி 2006ல் பங்குச் சந்தைக்கு வந்தது.

அமெரிக்காவில் 'மான்ஸ்டர்' 1994லேயே தொடங்கிவிட்டது. 2003ல் 'லிங்க்ட்இன்', 2004ல் 'இண்டீட்' என்று வரிசையாக வந்தன. நம் நாட்டில் 'டைம்ஸ்ஜாப்ஸ்', 'ஷைன்' போன்றவை பத்திரிகைக் குடும்பங்களிலிருந்தே கிளம்பின. வரி விளம்பரத்தின் வருமானம் கைநழுவிப் போவதைப் பத்திரிகைக்காரர்கள் உணர்ந்துகொண்டார்கள் என்று அர்த்தம்.

காசு கொடுப்பது யார்?

இந்தத் தளங்கள் நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும். காசு கொடுப்பது யார்?

வேலை தேடுகிறவர் பெயரைப் பதிவு செய்யக் காசு கிடையாது. விண்ணப்பிக்கவும் காசு கிடையாது. காசு கொடுப்பது கம்பெனி. அதற்கு இரண்டு சரக்கு கிடைக்கிறது. ஒன்று, காலி இடத்தை விளம்பரம் செய்ய இடம். இரண்டாவது, பதிவு செய்திருக்கும் லட்சோப லட்சம் பேரின் பயோடேட்டாக்களைத் தேடிப் பார்க்கும் உரிமை.

நம் பிள்ளைகளில் பலருக்கு முதலாவது மட்டுமே தெரியும். விளம்பரத்தைப் பார்ப்பார்கள்; பட்டனை அழுத்துவார்கள். ஆனால் கம்பெனியின் ஆள் சேர்ப்பு அதிகாரி பல சமயம் விளம்பரமே போடுவதில்லை. 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட், டேலி, 2 வருட அனுபவம், அந்தேரி' என்று தட்டித் தேடுகிறார். வரும் பட்டியலில் முதல் சில பக்கங்களைப் பார்த்து போன் செய்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது.

ஆக, வாடிக்கையாளர் நாம் அல்ல, கம்பெனி. நம் பயோடேட்டா அங்கே கடையில் அடுக்கி வைத்த சரக்கு. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இதைப் புரிந்துகொண்டால் பல மர்மங்கள் விலகும்.

தலைகீழான பதிவு மூப்பு

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 'பதிவு மூப்பு' என்று ஒன்று உண்டு. முன்பே பதிந்தவருக்கு முன்னுரிமை. புதுப்பிக்க மறந்தால் மூப்பு போய்விடும் என்று அம்மாக்கள் நாட்காட்டியில் குறித்து வைத்தது நினைவிருக்கும்.

இணையதளத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே பழைய பதிவுக்கு மதிப்பு இல்லை. அண்மையில் யார் உள்ளே வந்து தம் விவரங்களைப் புதுப்பித்தார் என்றுதான் அதிகாரி பார்க்கிறார். கடந்த 15 நாளில், ஒரு மாதத்தில் தளத்துக்கு வந்தவர்களை மட்டும் காட்டு என்று அவர் வடிகட்டலாம். எட்டு மாதத்துக்கு முன் பதிந்துவிட்டு மறந்தவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பட்டியலில் அடியில் கிடப்பார்.

இதை அறிந்தவர்கள் வாரம் ஒருமுறையாவது உள்ளே சென்று ஒரு வரியையாவது சரிசெய்கிறார்கள். செலவு இல்லாத வேலை.

முதல் வாசகர் மனிதர் அல்ல

பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் வாசிப்பது கம்ப்யூட்டர். கம்பெனி கேட்கும் சொற்கள் பயோடேட்டாவில் இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது, வரிசைப்படுத்துகிறது. மேலே நிற்பவர்களைத்தான் மனிதர் பார்க்கிறார்.

இதில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

பயோடேட்டாவை போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் உள்ள எழுத்தை எல்லா இயந்திரங்களும் ஒழுங்காக வாசிப்பதில்லை. கட்டம் கட்டமாக, இரட்டைப் பத்தியாக அலங்காரம் செய்த பயோடேட்டாவும் அப்படியே, வரிகள் கலந்துபோகும். ஒற்றைப் பத்தியில் நேராகத் தட்டச்சு செய்ததே நல்லது.

அடுத்தது, 'கணக்கு வேலை எல்லாம் தெரியும்' என்று பொதுவாக எழுதுவது. இயந்திரத்துக்கு இது புரியாது. டேலி, எக்ஸெல், ஜி.எஸ்.டி. தாக்கல், வங்கிக் கணக்கு ஒப்பீடு, இன்வாய்ஸ் என்று செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். விளம்பரத்தில் கம்பெனி எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ, அந்த வேலை உண்மையிலேயே நமக்குத் தெரியும் என்றால், அதே சொல்லை நாமும் எழுத வேண்டும். தெரியாததை எழுதினால் நேர்முகத் தேர்வில் மானம் போகும்.

இயந்திரம் பாரபட்சம் பார்க்காது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. அமேசான் கம்பெனி பரிசோதனையாகச் செய்து பார்த்த ஓர் ஆள் தேர்வு இயந்திரம், பெண்களின் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது என்ற செய்தி 2018ல் வெளியாயிற்று. பத்து ஆண்டுகளில் வந்த பழைய பயோடேட்டாக்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே ஆண்தான் நல்ல ஆள் என்று இயந்திரம் படித்துக்கொண்டது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நேற்று இருந்த வழக்கத்தையே இயந்திரம் நாளைய சட்டமாக்கிவிடும் என்பது இதில் உள்ள பாடம்.

டிரைவருக்கும் சமையற்காரருக்கும்

இதெல்லாம் குமாஸ்தாக்களின் கதை. உடல் உழைப்பாளிகளின் கதை என்ன?

பெங்களூரில் 2007ல் 'பாபாஜாப்' என்ற முயற்சி தொடங்கியது. வீட்டு வேலைக்காரர், டிரைவர், சமையற்காரர், காவலாளி ஆகியோருக்கான தளம் அது. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரியாதவர்கள் சாதாரண போன் மூலமே பெயர் பதிய வழி செய்தார்கள். 2017ல் அது 'குவிக்கர்' கம்பெனியின் கைக்குப் போயிற்று.

பிறகு ஸ்மார்ட்போனும் மலிவான இன்டர்நெட்டும் வந்தன. மும்பையில் 'வொர்க்இந்தியா' கிளம்பியது. 2019ல் 'அப்னா' வந்தது. டெலிவரி, கிடங்கு வேலை, டெலிகாலர், தையல், பியூட்டி பார்லர் என்று அதில் தொழில்வாரியாகப் பிரிவுகள். பயோடேட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெயர், ஊர், அனுபவம் சொன்னால் போதும்.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. மும்பையில் வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது, "ஆள் நம்பிக்கையானவரா?" என்பதைத்தான். அதற்கு உறுதி சொல்ல எந்தச் செயலியாலும் முழுமையாக முடியவில்லை. இன்றும் சாவியை ஒப்படைக்கும் வேலைக்கு ஊர்க்காரரின் ஒரு வார்த்தை பெரிது.

'பதிவுக் கட்டணம்' என்ற தூண்டில்

இனிச் சொல்லப் போவதுதான் மிக முக்கியம். எத்தனையோ குடும்பங்கள் அழுதிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு போன். "உங்கள் பயோடேட்டாவை இணையதளத்தில் பார்த்தோம். விமான நிலையத்தில் வேலை. மாதம் 28 ஆயிரம். தேர்வாகிவிட்டீர்கள்" என்றார்கள். முதலில் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். பிறகு சீருடைக்கு 3,200. பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு. அப்பா கூட வேலை செய்கிறவரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினார். முத்திரை போட்ட உத்தரவுக் கடிதமும் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தேரிக்குப் போனால், அந்த முகவரியில் அப்படி ஓர் ஆபீசே இல்லை. போன் எண் அணைந்துவிட்டது.

முன்பு கேட்ட கேள்வியை இங்கேயும் கேளுங்கள். காசு கொடுப்பது யார்? நேர்மையான ஆள் சேர்ப்பில் காசு கொடுப்பது கம்பெனி. வேலை தருவதாகச் சொல்லி உங்களிடம் காசு கேட்டால், அந்த இடத்தில் வேலை இல்லை. நீங்கள்தான் அவர்களுடைய வேலை! இந்தத் தளங்கள் பயோடேட்டாவை அழகாக எழுதித் தரவும், முன்னால் காட்டவும் தனிக் கட்டணச் சேவைகள் விற்பது உண்டு. வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் அது வேலைக்கு உத்தரவாதம் ஆகாது.

வெளிநாட்டு வேலை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 2022ல் சமூக ஊடக விளம்பரங்களை நம்பித் தாய்லாந்துக்கு வேலைக்குப் போன இந்திய இளைஞர்கள் எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டு போகப்பட்டார்கள். இணைய மோசடி செய்யும் கூட்டத்திடம் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் அங்கே வலை விரித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஏஜெண்டு அரசில் பதிவானவரா என்பதை 'இ-மைக்ரேட்' அரசுத் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. பணத்தைப் பறிகொடுத்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் போய்ச் சேரும் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் திருடனுக்குத்தான் லாபம்.

அரசாங்கம் திறந்த கதவு

அரசாங்கமும் சும்மா இல்லை. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2015 ஜூலையில் 'தேசிய வேலைவாய்ப்புச் சேவை' என்ற தளத்தைத் தொடங்கியது. தேடுகிறவருக்கும் இலவசம், கொடுக்கிறவருக்கும் இலவசம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் வந்த 'இ-ஷ்ரம்' பதிவில் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பதிவு இந்தச் சேவையுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கே திரும்பி வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளமும் இருக்கிறது.

பழைய 1959ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்தது.

அரசுத் தளத்திலும் வரும் அறிவிப்புகளைச் சரிபார்த்தே போக வேண்டும். அங்கேயும் வேலை தருவது அரசு அல்ல, பெரும்பாலும் தனியார்தான்.

நாளைக்கு என்ன நடக்கும்?

2022 கடைசியில் 'சாட்ஜிபிடி' வந்தது. அதன்பிறகு நிலைமை இன்னும் வேடிக்கை. விண்ணப்பத்தை இயந்திரமே எழுதித் தருகிறது. ஒரே இரவில் நூறு கம்பெனிக்கு அனுப்பவும் வழி வந்துவிட்டது. மறுபக்கம் அதை வாசிப்பதும் இயந்திரம். இயந்திரம் எழுதியதை இயந்திரம் படித்துத் தள்ளுகிறது. நடுவில் மனிதன் காத்திருக்கிறான்.

வெறும் அறிவிப்புப் பலகையாக இருப்பவை இனி நிலைப்பது கடினம். இந்தத் தொழிலுக்கே வழிகாட்டிய 'மான்ஸ்டர்' அதற்கு உதாரணம். அதன் இந்தியக் கிளை 2018ல் 'குவெஸ்' கம்பெனியின் கைக்கு மாறி, 2022ல் 'ஃபவுண்டிட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் தாய்க் கம்பெனி இன்னொரு பழைய தளமான 'கேரியர்பில்டர்' உடன் சேர்ந்தும் தாக்குப்பிடிக்க முடியாமல், 2025 ஜூனில் திவால் மனு கொடுத்தது.

அதற்காக இணையதளங்களே ஒழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அறிவிப்பதோடு நிற்காமல், ஆளைச் சரிபார்ப்பது, திறமையைச் சோதிப்பது, தெரிந்தவர் மூலம் அறிமுகப்படுத்துவது ஆகியவற்றையும் சேர்த்துச் செய்கிறவை நிற்கும். விண்ணப்பங்கள் வெள்ளமாகக் கொட்டும்போது, முதலாளியின் கை தானாகவே தெரிந்த முகத்தை நோக்கித்தான் நீளும். பல கம்பெனிகள் தங்கள் ஊழியர் அறிமுகம் செய்யும் ஆளுக்கு முன்னுரிமை தருகின்றன. ஆள் நிலைத்தால் அறிமுகம் செய்தவருக்கு வெகுமதியும் கொடுக்கின்றன. நாம் பழையது என்று ஒதுக்கிய 'சிபாரிசு' இப்போது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

ஒரு காலத்தில் செய்தி பஞ்சம். இன்று செய்திக்குப் பஞ்சமில்லை. நம் பெயர் ஒரு மனிதரின் கண்ணில் படுவதற்குத்தான் பஞ்சம்.

அப்பாவும் மகனும்

முதலில் பார்த்த அந்த வீட்டுக்கு மறுபடி வருவோம்.

மகன் நாற்பது கம்பெனிக்கு ஒரே பயோடேட்டாவை அனுப்புகிறான். அதற்குப் பதிலாக நாலு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் கேட்பதற்கு ஏற்றபடி எழுதி அனுப்பலாம். அந்த நாலில் தனக்குத் தெரிந்தவர், கல்லூரியில் மூத்தவர், ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கலாம். ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் பயோடேட்டாவில் போடாமல் இருக்கலாம். வேலை உறுதியான பிறகு கம்பெனியிடம் நேரில் கொடுத்தால் போதும்.

அப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு. "எனக்கு இந்த போன் சமாசாரம் எல்லாம் தெரியாது" என்று ஒதுங்கக் கூடாது. முப்பது வருடமாக மும்பையில் அவர் சேர்த்த பழக்கம் இருக்கிறது. கூட வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்று எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், கோயில் திருவிழாவில், ரயிலில் சந்திக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். "பணம் கட்டினால் வேலை" என்று யாராவது போன் செய்தால், பேசுகிறவன் குரலை வைத்தே எடை போடும் அனுபவமும் மகனைவிட அப்பாவுக்கு அதிகம்.

மகனின் செல்போனும் அப்பாவின் பழக்கமும் ஒன்று சேர்ந்தால், அந்த வீட்டில் சீக்கிரம் ஒரு நல்ல செய்தி வரும். நாற்பது தடவை பட்டனை அழுத்திக் களைத்த விரலுக்கு அன்று ஓய்வு கிடைக்கும். அடுத்த தலைமுறைத் தம்பி ஒருவன் ஊரிலிருந்து வந்து இறங்கும்போது, அவனுக்கு வழி சொல்லும் பொறுப்பு இந்த மகனுக்கு வந்து சேரும்.